சாடிக் கன்றுகளில் இலைப்புள்ளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி மழை தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் சாடியில் கன்று வைத்திருக்கும் வீடுகளில் எல்லாம் ஒரே பேச்சுத்தான்: இலையில் புள்ளி. நான் வீட்டில் நாற்றுப் போட்டு அயலுக்கும் தெரிந்தவர்களுக்கும் கன்று கொடுக்கிறேன், அதனால் அந்தப் பேச்சு முழுக்க என் படலைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலையும் கீழே வைத்திருக்கிறேன். மிளகாய், கத்தரி, தக்காளி, தேசி, மா என்று இங்கே சாடிகளில் அதிகம் நிற்பவற்றை மனதில் வைத்து எழுதியது.

அக்கா, மிளகாய்க் கன்றில புள்ளி வந்திட்டுது. என்ன மருந்து அடிக்கிறது?

மருந்தின் பெயரை இப்போதைக்கு விடுங்கள். புள்ளி ஓர் அறிகுறி மட்டுமே. பங்கசு, பற்றீரியா, வைரசு, பூச்சி, வெயில், உப்புத் தண்ணீர், கூடிப்போன உரம் எல்லாமே இலையில் புள்ளி போடும். பங்கசுக்கு உள்ள மருந்தை வெயில் சுட்ட இலைக்கு அடித்தால் காசும் போய், இளங்கன்றும் இன்னும் கொஞ்சம் கருகும்.

முதலில் கன்றைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கீழ் இலையில் தொடங்கியதா, குருத்தில் தொடங்கியதா, இலையைத் திருப்பினால் அடியில் பூச்சியோ தூளோ பூசணமோ இருக்கிறதா, புள்ளியின் விளிம்பு கூராக இருக்கிறதா கலங்கி இருக்கிறதா, பக்கத்துச் சாடிக்கும் போயிருக்கிறதா. இந்த நாலையும் பார்க்காமல் என்னிடம் மருந்து கேட்டால் நான் சொல்லப்போவதில்லை.

புள்ளி வந்த இலை திரும்பப் பச்சையாகுமோ?

ஆகாது. அந்த இடம் செத்த இடம். எவ்வளவு நல்ல மருந்து அடித்தாலும் பழைய புள்ளி அப்படியேதான் இருக்கும், ஆகவே அதைப் பார்த்து "மருந்து வேலை செய்யவில்லை" என்று முடிவெடுக்காதீர்கள். புதிதாக வரும் இலை சுத்தமாக வருகிறதா என்பதுதான் கணக்கு. நோய் தொற்றி, புள்ளியாகக் கண்ணுக்குத் தெரியச் சில நாள் தொடக்கம் இரண்டு கிழமை வரை எடுக்கும். இன்றைக்குத் தெரியும் புள்ளி போன கிழமை மழையில் தொற்றியதாக இருக்கலாம். அதனால் மருந்து அடித்த பிறகும் ஒரு கிழமைக்குப் புதுப்புள்ளி தெரிவது வழமை.

இது நோயோ, இல்லாட்டி வெயில் சுட்டதோ எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

புள்ளியின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் மெல்லிய வட்டம் போட்டுவிட்டு மூன்று நாலு நாள் பொறுங்கள். கோட்டைத் தாண்டிப் பெருத்தால், அல்லது வேறு இலைகளில் புதிதாக வந்தால், அது பெரும்பாலும் நோய். அப்படியே நின்றால் ஏதோ ஒருநாள் நடந்த காயம். இந்தப் பரிசோதனைக்கு ஒரு சதம் செலவில்லை, ஆனால் பொறுமையாகச் செய்கிறவர்கள் குறைவு.

வெயில் சுட்டது வெளிறிய வெள்ளை அல்லது மண்ணிறத் திட்டாக, கடதாசி மாதிரி மெல்லியதாக, வெயில் பட்ட பக்கத்து இலைகளில் மட்டும் இருக்கும். நிழல்வலைக்குள் வளர்ந்த கன்றை வாங்கி வந்து அன்றைக்கே முற்றத்து வெயிலில் வைத்தால் இதுதான் நடக்கும். காலை வெயிலில் மட்டும் ஒரு கிழமை வைத்துப் பழக்குங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் இலை விளிம்பு காய்ந்து கிழிவதும் நோய் இல்லை.

இன்னும் சந்தேகமென்றால் புள்ளி உள்ள இலையொன்றை ஈரக் கடதாசியோடு பொலித்தீன் பைக்குள் கட்டி, நிழலில் ஓரிரு நாள் வையுங்கள். புள்ளியின் மேலேயே மெல்லிய பூசணமோ கருந்துகள்களோ எழும்பினால் பங்கசு என்று ஓரளவு நம்பலாம். நாலைந்து நாள் விட்டால் செத்த இலையில் எந்தப் பூசணமும் வளரும், அப்போது அது எதையும் சொல்லாது.

எங்கட கிணத்துத் தண்ணி ஊத்த ஊத்த இலையில வெள்ளைப் புள்ளி வருது. அது பங்கசோ?

பெரும்பாலும் சுண்ணாம்பு. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லுக்குள் இருந்து வருவது, அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, தண்ணீர் காய்ந்ததும் இலையில் வெள்ளையாகப் படியும். கேத்திலுக்குள் படியும் அதே வெள்ளைதான். ஒரு துளி தேசிப்புளி விட்டு விரலால் தேயுங்கள், கரைந்து போனால் சுண்ணாம்பு. அதற்கு மருந்து தேவையில்லை, இலையில் ஊற்றாமல் அடியில் ஊற்றினால் போதும்.

தேய்த்தால் மாவு மாதிரிக் கையில் ஒட்டி, அடுத்த நாள் திரும்ப வந்தால் அது சாம்பல் நோய். பூசணி, வெள்ளரி, வெண்டி, மிளகாய் எல்லாவற்றிலும் வரும். மற்றப் புள்ளி நோய்கள் மாதிரி இதற்கு இலை நனைய வேண்டியதில்லை, மழையில்லாத நாட்களிலும் நன்றாகப் பரவும்.

இலையின்ர ஓரமும் நுனியும் மட்டும் கருகுது, நடுவில ஒண்டுமில்லை. ஏனாம்?

உப்பு. கரையோரக் கிணறுகளில் கோடைக்குத் தண்ணீர் உவர்க்கும், சாடிக்குள் அந்த உப்பு நாளுக்கு நாள் சேரும். நிலத்தில் என்றால் மாரி கழுவிவிடும், அடியில் துளை அடைபட்ட சாடியில் அதற்கு வழியில்லை. உரம் கூடினாலும், மக்காத ஆட்டெரு போட்டாலும் இதே கருகல் வரும். சாடியின் துளையைத் திறந்து, மழைநீர் அல்லது நல்ல தண்ணீர் நிறைய ஊற்றி, அடியால் ஓட விடுங்கள். கீழே தட்டு வைத்திருந்தால் அதில் தேங்குவதை ஊற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த உப்பு திரும்ப மேலே ஏறும்.

சரி, நோய்தான் எண்டு தெரியுது. பங்கசோ பற்றீரியாவோ எண்டு எப்படிப் பிரிக்கிறது?

மிளகாயை எடுத்துப் பார்ப்போம், ஏனென்றால் இரண்டும் அதில் வரும், குழப்பமும் அங்கேதான் கூட. பங்கசால் வரும் செர்க்கோஸ்போரா புள்ளி வட்டமாக இருக்கும், நடு சாம்பல் வெள்ளை, சுற்றிவரக் கடும் மண்ணிற வளையம், பார்த்தால் தவளைக் கண். நடுப்பகுதி காய்ந்து உதிர்ந்து ஓட்டை விழுவதும் உண்டு.

பற்றீரியாப் புள்ளி தொடக்கத்தில் சின்னதாக, நீர் ஊறினது போல, எண்ணெய் பட்டது போல இருக்கும். பிறகு கறுத்து ஒழுங்கற்ற வடிவமாகும். இலையை வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஓரத்தில் நீர் கோத்த கரை தெரியும், சில வேளை மஞ்சள் வளையமும். சூடும் மழையும் சேர்ந்த நாட்களில் வேகமாகப் பரவி, புள்ளி கொஞ்சமாக இருக்கும்போதே இலை மஞ்சளாகிக் கொட்டும். இந்தப் பிரிப்பு ஏன் முக்கியமென்றால், பங்கசுக்கு விற்கும் மருந்துகளில் பல பற்றீரியாவை எதுவும் செய்யாது. செம்பு கலந்த மருந்துகள் மட்டும் ஓரளவு தடுக்கும்.

தக்காளியில வளையம் வளையமா வருது, கீழ் இலை எல்லாம் மஞ்சள். இதென்ன?

ஒன்றுக்குள் ஒன்றாக வளையம் தெரிந்தால் முன்வெளிறல், அல்ரனேரியா என்ற பங்கசு. தக்காளியிலும் உருளைக்கிழங்கிலும் அதிகம், கத்தரியிலும் வரும். முதிர்ந்த கீழ் இலையில்தான் தொடங்கும், மண்ணிலிருந்து தெறிக்கும் தண்ணீரோடு ஏறும். மண்ணைத் தொடும் இலைகளைக் கிள்ளிவிட்டு, சாடியின் மேல்மண்ணை வைக்கோலாலோ காய்ந்த சருகாலோ மூடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

ஏன் மாரியில மட்டும் இவ்வளவு வருது?

இலை நனைந்திருக்கும் நேரம்தான் காரணம். பங்கசு வித்தி இலையில் விழுந்தால் மட்டும் போதாது, முளைத்து உள்ளே போக இலை பல மணித்தியாலம் ஈரமாக இருக்க வேண்டும். எங்கள் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை கொட்டித் தீர்க்கிறது, அந்த நாட்களில் இலை காயவே காயாது. பற்றீரியாவுக்கு மழைத்துளியின் தெறிப்புத்தான் வாகனம். மாரி முடிந்தாலும் ஆறுதல் இல்லை, தை மாசிப் பனி விடியும்வரை இலையை நனைத்தே வைத்திருக்கும்.

அதனால் என்னைக் கேட்டால், எந்த மருந்தையும் விட ஒரு துண்டுத் தகரமோ தெளிந்த பொலித்தீனோ மேலே போட்ட பந்தல் பெறுமதி. பக்கங்கள் திறந்தே இருக்க வேண்டும், காற்று ஓட வேண்டும். தாவாரத்தின் கீழே வைக்கலாம், ஆனால் கூரைத் தண்ணீர் விழும் கோட்டில் வைத்தால் வெளியில் வைப்பதை விட மோசம். சாடிகளை ஒன்றோடொன்று இலை முட்டாமல் தள்ளி வையுங்கள். சீமெந்துத் தரையில் தெறிப்புக் கூட, இரண்டு கல் வைத்து ஒரு பலகை போட்டு உயர்த்தினால் நல்லது.

வேலைக்குப் போட்டு வந்து பின்னேரம்தான் தண்ணி ஊத்தலாம். பிழையோ?

ஊற்றுங்கள், இலை நனையாமல் மண்ணில் ஊற்றுங்கள். பூவாளியால் மேலிருந்து தெளிக்கிறதென்றால் காலையில் மட்டும், வெயில் காய்ச்சிவிடும். பின்னேரம் தெளித்தால் அந்த ஈரம் இரவு முழுக்க நிற்கும், மேலே சொன்ன பல மணித்தியாலம் அதுதான்.

இப்ப புள்ளி வந்த கன்றுக்கு முதல் நாள் என்ன செய்ய வேணும்?

கன்றை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். இலை காய்ந்த நேரம் பார்த்து, புள்ளி கூடின இலைகளைக் கத்தரியால் வெட்டுங்கள். நனைந்திருக்கும்போது தொட்டால் உங்கள் கையே நோயைக் காவும். ஒவ்வொரு கன்றுக்கும் இடையில் கத்தரியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இலை எடுக்காதீர்கள், கன்றுக்குச் சாப்பாடு செய்ய இலை வேண்டும், ஓரிரு புள்ளி உள்ள இலை நின்றால் பாதகமில்லை.

வெட்டிய இலையைக் கூட்டெருக் குழியில் போடாதீர்கள். வீட்டுக் குழி பெரும்பாலும் கிருமி சாகிற அளவுக்குச் சூடாவதில்லை. மண்ணில் ஆழமாகத் தாழுங்கள். அந்தக் கிழமை யூரியா போன்ற தழைச்சத்து உரம் எதுவும் வேண்டாம், கொழுத்த இளந்தளிர்தான் முதலில் நோய்க்கு அகப்படும்.

வேப்பெண்ணெய், மஞ்சள், சாம்பல், பால் எண்டு ஒவ்வொருத்தர் ஒவ்வொண்டு சொல்லீனம். எது உண்மை?

2021இல் இரசாயன உரத்துக்கும் மருந்துக்கும் தடை வந்தபோது இந்த வீட்டு மருந்துகள் எங்கும் பரவின. சிலவற்றில் உண்மை இருக்கிறது. பால் சாம்பல் நோய்க்கு வேலை செய்யும், ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், கிழமைக்கு ஒருதரம், வெயில் வரும் காலையில். பிரேசிலில் சுரையினத்தில் ஆய்வு செய்து 1999இல் வெளியிட்டிருக்கிறார்கள். மிளகாயின் தவளைக்கண்ணுக்கோ தக்காளியின் வளையத்துக்கோ பாலை நம்பாதீர்கள்.

வேப்பெண்ணெய் பூச்சிக்கு நல்லது, சாம்பல் நோயையும் கொஞ்சம் அடக்கும். ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி, கரைய ஓரிரு துளி சவர்க்கார நீர், மாலையில், முதலில் ஓர் இலையில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதற்கு. சாம்பலை இலையில் தூவுவதால் புள்ளி நிற்காது, எங்கள் மண்ணும் தண்ணீரும் ஏற்கெனவே காரப்பக்கம், அதையும் சேர்த்தால் சாடியில் இரும்புச்சத்துக் கிடைக்காமல் குருத்து வெளிறும். மஞ்சளைக் கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில என்ன எண்டு கேட்டு வாங்கிறது?

பங்கசுப் புள்ளி என்று உறுதியானால் மன்கோசெப் அல்லது செம்பு. பற்றீரியா என்றால் செம்பு மட்டும். இரண்டுமே இலையின் மேல் நின்று காவல் செய்பவை, உள்ளே போன நோயை வெளியே எடுக்காது. ஆகவே இலையின் இரண்டு பக்கமும் படவேண்டும், கடும் மழைக்குப் பிறகு திரும்ப அடிக்க வேண்டும். சிட்டையில் எழுதிய அளவைத் தாண்டாதீர்கள், "கொஞ்சம் கூடப் போட்டால் கெதியாக மாறும்" என்பது இளங்கன்றைக் கருக்கும் வழி. கையுறையும் மூக்குமூடியும் போடுங்கள், பிள்ளைகள் நிற்கும் முற்றத்தில் அடிக்காதீர்கள், தேநீர்ப் போத்தலில் கலக்காதீர்கள்.

அப்புவின்ர காலத்தில மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிச்சவையாம். அது இப்பவும் சரியோ?

சரிதான், அது போர்டோக் கலவை, மயில்துத்தம் என்பது செம்பு உப்புத்தான். பிரான்சின் போர்டோப் பக்கத்தில் முந்திரிகைத் (திராட்சைத்) தோட்டங்களுக்கு வந்த அடிச்சாம்பல் நோயை 1885இல் இதனால் அடக்கலாம் என்று காட்டினார்கள், எங்கள் முந்திரிகைத் தோட்டக்காரருக்கும் பழக்கமானதுதான். வழமையான அளவு ஒரு லீற்றர் தண்ணீருக்கு 10 கிராம் துத்தம், 10 கிராம் சுண்ணாம்பு. சாடிக் கன்றுக்கு இரண்டிலும் பாதி போதும்.

துத்தத்தை அரை லீற்றரில் ஒரு பிளாஸ்ரிக் வாளியில் கரையுங்கள், சுண்ணாம்பை மற்ற அரை லீற்றரில் கரைத்து வடியுங்கள், பிறகு துத்த நீரைச் சுண்ணாம்பு நீருக்குள் கிளறிக் கிளறி ஊற்றுங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது. சுத்தமான இரும்பாணி ஒன்றைக் கொஞ்ச நேரம் அமிழ்த்திப் பாருங்கள், சிவப்பாகச் செம்பு படிந்தால் சுண்ணாம்பு காணாது, இன்னும் சேருங்கள். அன்றைக்கே அடித்து முடிக்க வேண்டும். மழை மூட்டமான, இலை காயாத நாளில் செம்பு எதுவானாலும் குருத்தைச் சுடும், காய்ந்த காலையைப் பார்த்து அடியுங்கள்.

தேசிக்கன்றில சொறி மாதிரி எழும்பியிருக்கு, சுத்திவர மஞ்சள். வெட்டினாலும் வருது.

அது தேசியின் சொறிநோய், பற்றீரியா. தடவினால் தடிப்பாகக் கைக்குத் தெரியும், இலையின் இரண்டு பக்கமும் இருக்கும். இளந்தளிரில் வெள்ளிக்கோடு போட்டுச் சுருட்டும் சுரங்கப்புழுவையும் பாருங்கள், அது துளைத்த வழியால்தான் இந்தக் கிருமி இலகுவாகப் புகுகிறது. தளிர் விடும் நேரம் வேப்பெண்ணெயால் புழுவை அடக்கி, நோய்க்கிளைகளைக் காய்ந்த நாளில் வெட்டி, செம்பு அடித்து வாருங்கள். தண்டிலும் சொறி வந்த சின்னக் கன்றை நான் வைத்திருக்க மாட்டேன், பிடுங்கித் தாழ்த்துவிடுவேன்.

கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்று, தளிர் வரவரக் கறுத்துக் கொட்டுது.

அந்திரக்னோசு என்ற பங்கசு. மாவின் தளிர் மென்மையாக இருக்கும் அந்தக் கொஞ்ச நாளில்தான் பிடிக்கும், இலை முற்றிப் பச்சையானால் தப்பிவிடும். ஆகவே தளிர் விட்டதும் சாடியை மழை படாத இடத்துக்கு நகர்த்துங்கள், சாடியில் வைத்திருப்பதன் பெரிய வசதியே அது. நகர்த்த முடியாத பெரிய சாடி என்றால் தளிர் விரியும்போது ஒருதரம் மருந்து.

கீரைக்கு அடியில வெள்ளைக் கொப்புளம். சாப்பிடலாமோ?

அது வெண்துரு. கீரையைத் தாக்கும் இந்தக் கிருமி மனிதருக்குத் தொற்றாது, கெட்ட இலையைக் கழித்துவிட்டு மற்றதைச் சமைக்கலாம். பயப்பட வேண்டியது மருந்து அடித்த கீரைக்கு. கடைசியாக அடித்து எத்தனை நாளின் பின் பறிக்கலாம் என்று சிட்டையில் இருக்கும். கீரையும் கறிவேப்பிலையும் அடிக்கடி பறிப்பவை, அவற்றுக்கு மருந்தே வேண்டாம் என்பது என் எண்ணம்.

எல்லாம் செய்தாச்சு. மருந்தும் ரெண்டுதரம் அடிச்சனான். நிற்கேல்லை!

இலை சுருண்டு, மஞ்சளும் பச்சையுமாகக் கலங்கி, குருத்து குறுகி இருக்கிறதா? அப்படியென்றால் வைரசு, அதற்கு மருந்தே இல்லை, வெண்ஈ போன்ற பூச்சிகள் பரப்புவது, கன்றைப் பிடுங்குவதுதான் மற்றவற்றைக் காக்கும் வழி. ஆனால் பிடுங்க முன் இலையின் அடியைப் பாருங்கள், மிளகாயில் பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் இதே மாதிரிச் சுருட்டும், அவற்றை அடக்கினால் குருத்து நேராகும். இரண்டும் இல்லையென்றால், பற்றீரியாவுக்குப் பங்கசு மருந்து அடித்திருக்கலாம். சிலர் ரெற்றாசைக்கிளின் குளிசையை உடைத்துக் கரைத்து அடிப்பதாகச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மனிதருக்கு வேண்டிய மருந்து பலனில்லாமல் போக இப்படியான பாவனை வழிவிடும்.

செத்த கன்றின்ர மண்ணும் சாடியும் திரும்பப் பாவிக்கலாமோ? அந்தக் கன்றில எடுத்த விதை?

சாடியை மண் போகக் கழுவி, துணி வெளுக்கும் குளோரின் கரைசல் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்துக் காய விடுங்கள். மண்ணை ஈரமாக்கித் தெளிந்த பொலித்தீனால் இறுக மூடி, பங்குனி சித்திரை வெயிலில் நாலு தொடக்கம் ஆறு கிழமை வையுங்கள், எங்கள் வெயில் அந்த வேலையை நன்றாகவே செய்யும். மாரியில் அதற்கு வழியில்லை, அந்த மண்ணை வாழையடியில் கொட்டிவிட்டுப் புதுமண் எடுங்கள்.

நோய்க் கன்றின் விதை வேண்டாம், மிளகாய், தக்காளியின் பற்றீரியாப் புள்ளி விதையோடு வரும். அருமையான இனம், விட மனமில்லை என்றால் தக்காளி, கத்தரி விதையை 50 பாகை செல்சியசு சூட்டுத் தண்ணீரில் 25 நிமிடம் வைத்து எடுத்து உடனே ஆறவிட்டு உலர்த்துங்கள். வெப்பமானி இல்லாமல் செய்யாதீர்கள், கொஞ்சம் கூடினால் விதை அவிந்துவிடும், குறைந்தால் கிருமி தப்பிவிடும்.

படம் அனுப்பினா சொல்லுவீங்களோ? இல்லாட்டி ஆரிட்டக் காட்டுறது?

அனுப்புங்கள், ஆனால் மூன்று படம் வேண்டும்: முழுக்கன்று, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம். எப்போது தொடங்கியது, எந்தத் தண்ணீர், கடைசியாக என்ன போட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒரு புள்ளியை மட்டும் கிட்டப் பிடித்த படத்தை வைத்து என்னால் எதையும் சொல்ல முடியாது.

பத்துப் பதினைந்து கன்றுக்கு ஒன்றாக வந்தால் என்னிடம் நிற்காமல் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள், விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் அழைக்கலாம். நோய் தொடங்கிய இலை, பாதி பரவிய இலை, நல்ல இலை மூன்றையும் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோங்கள். முழுதும் கருகிய இலையை மட்டும் கொண்டுபோனால் அவருக்கும் பார்க்க ஒன்றும் இருக்காது. மருந்து அடிக்க முன்னரே போய்விடுங்கள்.